மகளிர் பங்கேற்புக் கமிட்டி டீ குடித்த கதை

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு ஜோக் வரும். என் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில், கெட்டிமேளத்துக்கு நடுவே நான் ஐயரிடம் சொன்ன ஒரு வார்த்தையை என் மாமனார் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் இந்த வியாதியால் ஒரு லாபம் உண்டு. நான் வேலை பார்த்த பொறியியல் கல்லூரியில் என்னைத் தைரியசாலி என்று நம்பினார்கள். நாள் முழுக்க மற்றவர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருப்பவன் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருக்கிறான் என்று யாருக்குத் தோன்றும்?

கல்லூரி தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் நடுவில், ரயில் பாதையை ஒட்டி இருந்தது. நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. திறந்த கதவு வழியாக எங்கள் பக்கத்துக்கு முதலில் வந்து சேர்ந்தது இஞ்சினியரிங் காலேஜ்தான். போன வருஷம் சம்பா அறுத்த வயலில் இந்த வருஷம் கான்கிரீட் லேப் நின்றது. ஐப்பசி மழையில் லேபின் தரை ஊறும். நாங்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பாடம் நடத்துவோம்.

அதே கதவு வழியாக எங்கள் ஆட்கள் வெளியே போய்க்கொண்டும் இருந்தார்கள். சிவில் துறையில் ஒருவர் லெக்சரராகச் சேர்வார். அவர் பெயரை எழுதிய பலகையின் பெயின்ட் காய்வதற்குள் மஸ்கட்டிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விசா வந்துவிடும். பலகையை அழித்து அடுத்தவர் பெயரை எழுதுவோம். பெயின்டருக்கு மட்டும்தான் அந்தத் துறையில் நிரந்தர வேலை என்பது நான் அடிக்கடி சொன்ன ஜோக்.

துறையில் ஒரே ஒரு பெண் இருந்தார். நாகூர்க்காரர். அவருடைய வாப்பா சவுதியில் மளிகைக்கடை வைத்திருந்தார். தினமும் காலைப் பாசஞ்சரில் வந்து, மாலைப் பாசஞ்சரில் திரும்புவார். நாங்கள் அவரை மேடம் என்று அழைத்தோம். மிகுந்த மரியாதையோடு நடத்தினோம். எந்த அளவுக்கு மரியாதை என்றால், சைட்டுக்கு அனுப்ப மாட்டோம், சர்வே கேம்ப்புக்கு அழைத்துப்போக மாட்டோம், பரீட்சை வேலையில் வெளியூர் போடமாட்டோம். துறைக் கூட்டத்தில் மினிட்ஸ் எழுதுவதையும் விருந்தாளி வந்தால் சந்தனத் தட்டு ஏந்துவதையும் மட்டும் அவருக்கே விட்டுக்கொடுத்திருந்தோம்.

மாணவிகள் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் சேர்வார்கள். முதல் மாதம் முடியும் முன் கம்ப்யூட்டர் துறைக்கு மாற்றல் கேட்டு அப்பாவோடு வந்து நிற்பார்கள். "சிவில்ல பொம்பளப் புள்ளைக்கு என்ன சார் வேலை?" என்று அப்பா கேட்பார். நாங்கள் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். அதுவும் மரியாதைதான்.

இனி டீக்கடைக்கு வருகிறேன். கல்லூரியின் பின்பக்க கேட்டைத் தாண்டி, வாய்க்கால் மதகின் மேல் நடந்து போனால், வலங்கைமானிலிருந்து வந்து குடியேறிய ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கடை போட்டிருந்தார்கள். அவர் டீ ஆற்றுவார், அந்த அம்மாள் வடை சுடுவார். காலை இடைவேளைக்கு மணி அடித்ததும் சிவில் துறை ஆண்கள் அத்தனை பேரும் அங்கே இருப்போம். யாருக்கு எந்தப் பாடம், யார் எந்த சைட்டுக்கு மண் பரிசோதனைக்குப் போவது, எந்த மாணவனுக்கு யார் கைடு என்று துறையில் எதுவாக இருந்தாலும் அந்த பெஞ்சில்தான் முடிவாகும். சாயங்காலம் நாலு மணிக்கு நடக்கும் துறைக் கூட்டம் வெறும் ஒப்புக்கு. எங்கள் ஹெச்.ஓ.டி. முடிவுகளைப் படிப்பார், மேடம் எழுதிக்கொள்வார். எப்போதாவது தலையை நிமிர்த்தி, "இது எப்ப சார் பேசினீங்க?" என்று கேட்பார். நாங்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்ப்போம். ஜன்னல் வழியாகக் கடையின் புகை தெரியும்.

அந்த வருஷம் துறைக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. முழுச் சம்பளத்தோடு ஒரு லெக்சரரைச் சென்னைக்கு ஆராய்ச்சிக்கு அனுப்பலாம். ஒரே ஒரு இடம். யாரை அனுப்புவது என்று துறை சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வயது வரம்பு உண்டு. மேடத்துக்கு அந்த வருஷம்தான் கடைசி. அடுத்த வருஷம் அவர் கேட்கவே முடியாது.

அவர் அதற்கு எப்போதோ தயாராகிவிட்டிருந்தார். நாகூரிலிருந்து வேளாங்கண்ணி வரை கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. எந்தத் தெருவில் எவ்வளவு, கோடையில் எதுவரை, மழைக்குப் பிறகு எவ்வளவு குறைகிறது என்று அவர் தன் பாட்டுக்குப் பார்த்துவந்தார். வாரம் தவறாமல் சின்னச் சின்ன பாட்டில்களில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து, தெருப் பெயர் ஒட்டி, பையில் போட்டு ரயிலில் கொண்டுவந்து எங்கள் லேபில் சோதிப்பார். பை கலகலவென்று சத்தம் போடும். "மேடம், சோடாக் கடை வெக்கிற யோசனையா?" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்காமல், அந்த வாரம் என்ன கண்டார் என்பதை விளக்குவார். யாரும் கேட்க மாட்டார்கள். என் மேஜை பக்கத்தில் இருந்ததால் எனக்கு மட்டும் தப்பிக்க வழியில்லை.

இந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. ஆண்கள் மட்டுமே அதிகம் உள்ள துறைகளில் பெண்களின் பங்கேற்பை உயர்த்த என்ன செய்திருக்கிறீர்கள்? கமிட்டி போட்டு அறிக்கை அனுப்புங்கள். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். பொதுப்பணித் துறையில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். என் ஜோக்குகளுக்கு அவர் பெரிய ரசிகர்.

"நீதான்யா கன்வீனர். பசங்க உன்கிட்ட நல்லாப் பேசுதுங்க."

"சார், எங்க வீட்லயே என் பங்கேற்பு ரொம்பக் கம்மி."

அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நான் கன்வீனர் ஆகிவிட்டேன்.

கமிட்டியில் ஹெச்.ஓ.டி., சர்வே பாடம் எடுக்கும் சார், நான். "மேடத்தப் போட வேணாமா சார்?" என்று நானே ஹெச்.ஓ.டி.யிடம் கேட்டேன், அதற்காக எனக்கு ஒரு மார்க் கொடுக்கலாம். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அவங்களப் பத்திப் பேசப்போற கமிட்டிய்யா. அவங்களே உக்காந்துட்டா நாம எப்படி ஃப்ரீயாப் பேசறது?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

முதல் கூட்டம் டீக்கடையில். வேறு எங்கே? கல்லூரியை ஒட்டிய வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. சேற்றுக் காலோடு கரையேறிய பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கடை வாசலில் டீ குடித்தபடி, எங்களை விடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே நாங்கள் பெண்களின் பங்கேற்பை உயர்த்தினோம். ஸ்டாஃப் ரூமுக்குத் திரைச்சீலை போடலாம் என்றார் சர்வே சார். ஒரு கண்ணாடி மாட்டலாம் என்றேன் நான். கோலப்போட்டி வைக்கலாம் என்றார் ஹெச்.ஓ.டி. இரண்டாவது டீ வந்தபோது ஆராய்ச்சி இடம் பற்றிப் பேச்சு வந்தது.

"மேடத்துக்குக் குடுத்தா வேஸ்டாப் போயிரும்யா," என்றார் ஹெச்.ஓ.டி. "நாளைக்கே கல்யாணம்பாங்க. சவுதியோ துபாயோ, கெளம்பிருவாங்க. டிபார்ட்மெண்டுக்கு என்ன ஆகப்போவுது?"

"கரெக்ட் சார்," என்றார் சர்வே சார். மஸ்கட் போவதற்கான பாஸ்போர்ட் அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது.

"நீ போயேன்யா," என்று ஹெச்.ஓ.டி. என் தோளில் கை வைத்தார். "ஒனக்கும் வயசு இருக்குல்ல?"

அது மேடத்தின் இடம் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வாயிலிருந்து வந்தது இது: "சார், என்னைய எல்.கே.ஜி.யிலயே ஆராய்ச்சி பண்ணிட்டு வெளிய அனுப்பிட்டாங்க." எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்தபோது நான் சம்மதித்துவிட்டதாக ஆகியிருந்தது.

அன்று மத்தியானம் மேடம் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"கமிட்டி கூடிருச்சாமே சார்?"

"சும்மா... பூர்வாங்கமா..."

"எங்க கூடுச்சு?"

"பின்னாடி."

"பின்னாடின்னா?"

"டீக்கடையில மேடம்."

"நாளைக்கும் உண்டா?"

உண்டு என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று நினைத்தேன்.

மறுநாள் இடைவேளையில் மதகின் மேல் அவர் நடந்து வருவதை முதலில் பார்த்தது நான்தான். குடை, துப்பட்டா, கையில் அந்தக் கலகல பை. "சார்..." என்றேன். ஹெச்.ஓ.டி. திரும்பினார். நாங்கள் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் எழுந்து நின்றோம்.

"ஒரு டீங்க. சக்கரை கம்மியா," என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மேடம் எங்கள் பக்கம் திரும்பினார். "உக்காருங்க சார், எதுக்கு எந்திரிச்சீங்க?"

"இருக்கட்டும் மேடம், நீங்க உக்காருங்க."

"எல்லாரும் உக்காரலாமே?"

"பரவால்ல மேடம், நீங்க தாராளமா..."

தாராளமாகத்தான் உட்கார்ந்தார். ஆறேழு ஆண்கள் நெருக்கியடித்து உட்காரும் நீண்ட பெஞ்சில் அவர் மட்டும் நடுவில். நாங்கள் கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் கிடைக்காதவர்களைப் போலக் கையில் கிளாஸோடு சுற்றி நின்றோம். கரண்டியோடு எட்டிப் பார்த்த கடைக்காரம்மாள் கேட்டார்: "என்ன சார் எல்லாரும் நிக்கிறீங்க? பெஞ்சு சுடுதா?"

வயல் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மேடம் டீயைக் குடித்து முடித்தார். "கமிட்டில என்ன பேசினீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்," என்றார். திரைச்சீலை என்றார் சர்வே சார், ரொம்ப மெதுவாக. "நல்லது," என்று சொல்லி, காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"இது பொம்பளைங்க வர்ற எடமாய்யா?" என்று ஹெச்.ஓ.டி. பல்லைக் கடித்தார். சேற்றுக் கால்களோடு அத்தனை பெண்கள் அவருக்குப் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணில் அவர்கள் படவில்லை. என் கண்ணில் பட்டார்கள். நான் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

மறுநாள் நாங்கள் கடையை மாற்றினோம். நன்றாகப் படித்த, குடும்பம் குட்டியோடு இருக்கிற, பாலம் கட்டச் சொல்லிக்கொடுக்கிற ஆண்கள், ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார் என்பதற்காகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோய் டீ குடித்தோம். அந்த டீ கழுநீர் மாதிரி இருந்தது. இரண்டு நாளில் மேடம் அங்கேயும் வந்தார். இந்தத் தடவை எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் அவரைப் பார்த்ததும் பஸ்ஸுக்கு வந்தவர்கள் போல நின்றோம். வேண்டாத பஸ் ஒன்று வந்து எங்களுக்காகவே நின்றது. கண்டக்டர் "ஏறுங்க, ஏறுங்க" என்று கத்தினார். சர்வே சார் பதற்றத்தில் ஏறியே விட்டார். அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு கடையைப் பிடித்தோம். அவ்வளவு தூரம் நடக்க முடியாது, டி.வி.எஸ். ஐம்பதிலும் ஸ்கூட்டரிலும் இரண்டு இரண்டு பேராகப் போனோம். ஹெச்.ஓ.டி. என் பின்னால் உட்கார்ந்து என் சட்டையைப் பிடித்துக்கொள்வார். சிரிக்கவைக்கிறேன் பேர்வழி என்று வழியெல்லாம் ஏதோ பேசிக்கொண்டே போவேன். யாராவது என்னை நிறுத்தி, "எங்கய்யா ஓடறீங்க?" என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்பதுதான் பயம்.

ஒருநாள் அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது கேட்டை மூடிவிட்டார்கள். நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி ஒன்று சாவகாசமாக வந்து, சரியாக எங்கள் முன்னால் நின்றது. சிக்னல் இல்லையாம். வகுப்பு மணி அடிப்பது தூரத்தில் கேட்டது. கூட்ஸ் அசையவில்லை. சிவில் துறை முழுவதும் வெயிலில் வண்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தது. ஹெச்.ஓ.டி. அந்த நேரத்தை வீணாக்கவில்லை.

"பேர அனுப்ப இன்னைக்குத்தான் கடைசி. நாலு மணிக்கு முடிச்சிரலாம். நீதான்யா. நிலத்தடி நீர்னு ஏதாவது தலைப்பு போட்டுக்கலாம்."

"நிலத்தடி நீர்னு சொல்றீங்க சார், எனக்கு நீச்சல்கூடத் தெரியாதே."

சிரித்தார்கள். கூட்ஸ் வண்டியின் கார்டுகூடச் சிரித்தார்.

நாங்கள் திரும்பி வந்தபோது வகுப்புகள் சந்தைக்கடையாகக் கிடந்தன. ஸ்டாஃப் ரூமில் ஹெச்.ஓ.டி.யின் நாற்காலியில் பிரின்சிபால் உட்கார்ந்திருந்தார். எதிரே மேடம். அவர் மட்டும்தான் வகுப்பெடுத்து முடித்திருந்தார்.

"எல்லாரும் எங்கன்னு கேட்டேன்," என்றார் பிரின்சிபால். "மகளிர் பங்கேற்புக் கமிட்டி மீட்டிங்னாங்க மேடம். அம்புட்டு பேருமாய்யா கமிட்டி?"

மேடம் மினிட்ஸ் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"சரி, நாலு மணி வரைக்கும் எதுக்கு? இப்பவே பேசிருவோம். ரிசர்ச்சுக்கு யாரு?"

ஹெச்.ஓ.டி. தொண்டையைச் செருமி என்னைக் காட்டினார்.

"நீயா? சந்தோஷம்யா. தலைப்பு என்ன?"

"நிலத்தடி நீர் மாதிரி ஏதாவது சார்," என்றார் ஹெச்.ஓ.டி.

"ஏதாவதா? அவன் சொல்லட்டும்."

பிரின்சிபால் அணைக்கட்டிலும் மதகிலும் வேலை பார்த்துக் கறுத்த மனிதர். கேள்வி கேட்டால் பதிலுக்காகக் காத்திருப்பார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் தலைப்பே கிடையாது. வாழ்க்கையில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. வழக்கமாக ஜோக் வர வேண்டிய இடம். அன்று அதுவும் வரவில்லை. வேறொன்று வந்தது.

"கடலோரக் கிணறுகள்ல உப்பு ஏறுறது சார். நாகூர்லேருந்து வேளாங்கண்ணி வரைக்கும். கோடையில எந்தத் தெரு வரைக்கும் வருது, மழைக்கப்புறம் எவ்வளவு எறங்குது, எறங்காத கிணறு எதெது, அதுக்குப் பக்கத்துல எவ்வளவு தண்ணி உறிஞ்சறாங்க..."

தடங்கலில்லாமல் வந்தது. வாராவாரம் பக்கத்து மேஜையில் கேட்டது அத்தனையும் என் தலைக்குள் இருந்திருக்கிறது. பேசப் பேச நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. பிரின்சிபால் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். காது மடல்கள் கொதித்தன. மேடம் இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

பிறகு அந்தக் கலகல சத்தம் கேட்டது. மேடம் பையைத் திறந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக மேஜை மேல் வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் ஒரு தெருவின் பெயர்.

"சார் என் தலைப்பத்தான் சொல்லிட்டிருக்காங்க சார்," என்றார் பிரின்சிபாலிடம். "கமிட்டி சார்பா."

பிரின்சிபால் பாட்டில்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப கமிட்டி இவங்களத்தான் சிபாரிசு பண்ணுதா?"

நான் தலையாட்டினேன். ஆட்டினேன் என்று சொல்வதைவிட, அது தானாக ஆடியது என்பதுதான் சரி.

ஹெச்.ஓ.டி. கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "சார், அவங்களுக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஆச்சுன்னா..."

"நம்ம டிபார்ட்மெண்ட விட்டுட்டுப் போனவங்க எல்லாம் கல்யாணம் ஆகியா சார் போனாங்க?" என்று கேட்டார் மேடம்.

சர்வே சாரின் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது.

பிரின்சிபால் ஒரு பாட்டிலைத் திறந்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "கரிக்குதேம்மா!"

"அது எங்க தெருக் கிணறு சார். நான் ஸ்கூல் படிக்கறப்ப அதைத்தான் குடிச்சோம்."

அதன்பிறகு அவர்கள் இரண்டு பேரும்தான் பேசினார்கள். அவர் கேட்கக் கேட்க மேடம் பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார், அதைத் தெரிந்துகொள்ளத்தான் போக வேண்டும் என்றார். எந்த முடிவும் முன்கூட்டியே எடுக்கப்படாமல் அந்த அறையில் நடந்த முதல் கூட்டம் அதுதான். முடிவில் பிரின்சிபால் மேடத்தின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கேண்டிடேட்ட எடுத்துச் சொல்றதுன்னா இப்படிச் சொல்லணும்யா. வெறும் காமெடியன்னு நெனச்சேன் ஒன்னை."

மேடத்தைத் தாழ்வாரத்தில் பிடித்தேன். "மேடம், அது வந்து... நான்..."

"தெரியும் சார். உங்களுக்கு வேற தலைப்பு தெரியாது."

"மன்னிச்சிருங்க."

அவர் பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். "மூணு வருஷமா இதே ரூம்ல இதே விஷயத்த நான் சொல்லிட்டிருக்கேன். ஒருத்தரும் பேனாவ எடுக்கல. நீங்க வாயத் தொறந்து ரெண்டு நிமிஷத்துல பிரின்சிபால் எடுத்தாரு. எனக்கு அதுதான் சார்..." முடிக்கவில்லை. மாலைப் பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டிருந்தது.

உண்மையில் எனக்குத் தண்டனை அதற்குப் பிறகுதான் வந்தது. மகளிர் தின விழாவில், பெண்களின் முன்னேற்றத்துக்குப் பாடுபட்டவர் என்று என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். சந்தனத் தட்டோடு நின்றது மேடம்தான். நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று மைக்கைப் பிடித்தேன். ஜோக்தான் வந்தது. மண்டபமே சிரித்தது. மேடம் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பொன்னாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மகளிர் தினத்துக்கு ஒங்களுக்கா போத்துனாங்க? அங்க பொம்பளைங்களே இல்லியா?"

மேடம் சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மேஜையைக் காலி செய்தார். பாட்டில்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினார். நானும் சுற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்த பரிகாரம்.

"கமிட்டி அறிக்கைய அனுப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

"இனிமேத்தான் மேடம்."

"என்ன எழுதுவீங்க? நான் இருந்த வரைக்கும் டிபார்ட்மெண்ட்ல ஒருத்தி இருந்தா. நாளையிலேருந்து யாருமில்ல. பங்கேற்பு கூடியிருக்குன்னா, கொறஞ்சிருக்குன்னா?"

நான் ஒரு பாட்டிலை இரண்டாவது தடவையாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"நான் திரும்புற வரைக்கும் என் எடத்துக்கு லீவ் வேகன்சி போடப்போறாங்க. சர்வே சாரோட மச்சினர் வராராம். பின்னாடி பேசி முடிச்சாச்சுன்னு கேள்விப்பட்டேன்." பெட்டியை மூடினார். "அப்ளிகேஷன் போட்டவங்கள்ல மூணு பொண்ணுங்க இருக்காங்க சார். ஆபீஸ்ல பார்த்தேன். அதுல ஒருத்தி வாய்க்கா வெட்டற கூலிக் குடும்பம், முதல் வகுப்புல தேறியிருக்கா. கூப்பிட்டுக் கேள்வியாவது கேக்கச் சொல்லுங்க." அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் ஒரு ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலை அந்த மூன்று விண்ணப்பங்களையும் ஆபீஸில் கேட்டு வாங்கிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். வழியில் மூன்று தடவை திரும்பிவிட்டேன். ஒரு தடவை பாத்ரூமுக்கு, ஒரு தடவை சாவியை மறந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இன்னொரு தடவை காரணமே இல்லாமல். உள்ளே நுழைந்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் வந்தால் சிரிக்க வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம்.

"வாய்யா, வா. என்ன சேதி?"

"சார், மேடத்தோட லீவ் வேகன்சிக்கு ஒரு பொண்ண எடுக்கணும் சார்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பொன்னாடை போத்துனதும் போத்துனோம்..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல சார். மூணு பேரு அப்ளை பண்ணியிருக்காங்க. ஒருத்தரையும் இன்டர்வியூக்குக் கூப்பிடல. வேற ஆளுக்குன்னு டீக்கடையிலயே முடிவு பண்ணிட்டாங்க. எல்லா முடிவும் அங்கதான் சார் எடுப்போம். நானும் அதுல உண்டு."

"டீக்கடையில!" என்று மேஜையைத் தட்டினார். "ஒன்ன மாதிரி எவனாலயும் முடியாதுய்யா."

"அன்னைக்கு அந்தத் தலைப்பு அவங்களோடது சார். நான் அவங்களுக்காகப் பேசல. எனக்குன்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

சொன்னபோது என் குரல் உடைந்து ஏதோ விநோதமாக ஒலித்திருக்க வேண்டும். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மணியை அடித்து, எனக்கும் சேர்த்துக் காபி கொண்டுவரச் சொன்னார். இத்தனை வருஷம் இந்த மனிதருக்கு நான் என்னவாக இருந்திருக்கிறேன் என்று நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். கால் வாசல் பக்கம் திரும்பப் பார்த்தது. அவர் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த மூன்று விண்ணப்பங்களையும் அவர் முன்னால் வைத்தேன். முதலாவதை எடுத்து, அதிலிருந்த பெண்ணின் பெயரிலிருந்து, ஒவ்வொரு வரியாக வாசிக்க ஆரம்பித்தேன். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.